திருநீறு தேய்த்த ரூபாய்கள்

ராவுத்தர் சட்டைப்பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்ட பிறகே ஒரு வெள்ளி ரூபாயைத் தொடுவார். தொடுவதும் விளிம்பில்தான். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அது நிற்கும். அதன் முகத்தில் அவருடைய ரேகை பட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்துகொண்டே பழங்காசு சேகரித்தவர் அவர். ஆவாரம்பட்டையின் வாடை அவருடைய சட்டையில் எப்போதும் இருக்கும். அந்தக் கையை அப்படியே வெள்ளியின் மேல் வைக்கலாகாது என்பதில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு. இந்தப் பழக்கத்தை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் உண்டு. அதை நன்கு அறிந்திருந்த நான், அறியாதவன்போல ஒருமுறை பேசினேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சென்னையில் எம்.ஏ. முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் கல்லூரி விரிவுரையாளனாக இருந்தேன். வரலாறு என் பாடம். பெரிய குடும்பங்கள் பாகம் பிரிந்து, பீரோவும் குத்துவிளக்குமாக எல்லாவற்றையும் ஏலத்துக்கு விட்டுக்கொண்டிருந்த காலம். பழைய நாணயங்கள் இருந்தால் அவற்றின் நிலையை முன்னதாகப் பார்த்துப் பட்டியல் எழுதித்தர என்னை அழைப்பார்கள். இதற்கென ஒரு காசு நான் வாங்கியதில்லை. என் கையொப்பத்தை நம்பி மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் சேகரிப்பாளர்கள் புறப்பட்டு வருகிறார்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மகிழ்ச்சி என்பதைவிட மமதை என்பது பொருத்தமான சொல்.

அகரம் போகும் சாலையில் ஒரு மிட்டாதார் குடும்பத்தின் பங்களா. அங்கே முப்பத்திரண்டு விக்டோரியா ரூபாய்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஜன்னல் சாத்திய அறையில், மின்விளக்கின் கீழ், பூதக்கண்ணாடியுடன் அமர்ந்து அவற்றைப் பார்த்தேன். ராணியின் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகளில்தான் தேய்மானம் முதலில் தெரியும்; அங்கே ஒவ்வோர் இழையும் கூர்மையாக இருந்தது. கன்னம் மழுங்கவில்லை. காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு விளிம்பில் இல்லை. போதாததற்கு, எல்லாம் கண்ணைப் பறித்தன. "புழக்கம் காணாதவை, அச்சடித்த நாளின் ஒளி குறையாதவை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். தட்டச்சுப் படிகள் வெளியூர்களுக்குப் போயின.

ஏல நாள் காலையில் வந்தவர்கள் சரக்கைப் பார்க்கலாம். ராவுத்தர் நாணயத் தட்டை ஜன்னலருகே கொண்டுபோய், ஒரு ரூபாயை வெயிலில் பிடித்து மெல்லச் சாய்த்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவதைப் பார்த்துவிட்டு என்னைத் தலையசைத்து அழைத்தார்.

"சார், செத்த இங்க வாங்க. இம்புட்டு பளபளப்பு ஆகாது."

"புழங்காத காசு பளபளன்னுதான் இருக்கும், ராவுத்தரே."

"இருக்கும் சார். ஆனா அது சாய்ச்சா சுத்தும். வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி ஒளி ஓடணும். இது பாருங்க, எந்தப் பக்கம் திருப்புனாலும் கழுவி வச்ச எவர்சில்வர் தட்டு மாதிரி அசையாத ஒரே மினுக்கு. தேய்மானம் இல்ல, நீங்க எழுதுனது சரி. ஆனா யாரோ போட்டுத் துலக்கியிருக்காங்க. இந்த எழுத்துக்குள்ள பாருங்க, வெள்ளையா."

பூதக்கண்ணாடியை வைத்தேன். எழுத்துகளின் பள்ளத்தில் வெண்பொடி அப்பியிருந்தது. முகம் முழுவதும் மயிரிழைக் கீறல்கள். நான் வாய் திறப்பதற்குள் கதவோரம் நின்ற வீட்டம்மாள், மிட்டாதாரின் மனைவி, பெருமையோடு சொன்னார்: "பளிச்சுன்னு இருக்குல்ல தம்பி? மகாலட்சுமிய அழுக்கோட வெளியில அனுப்பலாமா? நீங்க பாக்க வாரீங்கன்னு சொன்னாக. முத நா வெள்ளிக்கிழம, பூசைச் சாமானோட சேத்துத் திருநீறு போட்டு நானேதான் தேச்சேன்."

அந்த அம்மாளின் மீது குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நம் வீடுகளில் வெள்ளியை அனுப்புவதும் வரவேற்பதும் அப்படித்தான். பல பத்தாண்டுகளாக அந்தக் காசுகளின் மேல் படிந்து, அடியிலிருந்த ஒளியைக் காத்து நின்ற கருநீலப் படலம்தான் அவற்றின் மதிப்பு என்று அவருக்கு யார் சொன்னார்கள்? துலக்கிய காசுக்குச் சேகரிப்பாளரிடம் பாதி மரியாதைகூடக் கிடையாது. இது எனக்குத் தெரியும். அதைக் கவனிக்க வேண்டியவன் நான்.

அந்த அம்மாள் உள்ளே போனதும் ராவுத்தர் குரலைத் தாழ்த்தினார். "ஏலத்துக்கு இன்னும் அரை மணி இருக்கு. ஒரு வரி சேத்துருங்க சார். பென்சில்ல எழுதுனாலும் போதும்."

"பட்டியல் ஊருக்கெல்லாம் போயாச்சு. கடைசி நேரத்துல அடிச்சுத் திருத்தினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"தெரியாம எழுதுனதுல தப்பில்ல சார். இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சே."

பேனா என் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில் வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. வாசலில் வந்து இறங்கிய ஒவ்வொருவரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். ஒவ்வொரு வணக்கமும் அந்த ஒரு வரியை இன்னும் கடினமாக்கியது.

ஏலத்தில் ராவுத்தர் வாய் திறக்கவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த ஜவுளிக்கடைக்காரர், சேகரிப்பில் பெரிய பிரியர், அவரைச் சீண்டினார்: "என்ன பாய், கேக்காம உக்காந்துட்டீங்க? பல்லுவலியா?"

"எனக்கு வேணாங்க. நீங்களும் ஒருக்கா வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டுக் கேளுங்க."

"வாத்தியார் கையெழுத்தே வெளிச்சந்தானே பாய்!"

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். முப்பத்திரண்டும் மதுரைக்குப் போயின.

ஒரு மாதம் கழித்து அந்த மதுரைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். மரியாதை குறையாமல்தான் பேசினார். மேசைமேல் ஒரு ரூபாயை வைத்து, சென்னையில் ஒருவர் இதைத் துலக்கிய காசு என்று வாங்க மறுத்துவிட்டதாகச் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "நான் பார்க்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. ஏலத்தன்னிக்குக் காலையில ராவுத்தர் தட்டை ஜன்னல் பக்கம் எடுத்துட்டுப் போய் ரொம்ப நேரம் வச்சிருந்தார்."

இரண்டாவது வாக்கியத்தில் பொய்யான ஒரு சொல்கூட இல்லை. அப்படித்தான் அதைக் கட்டினேன். மதுரைக்காரர் மேசைமேலிருந்த ரூபாயை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, "வெளிச்சத்துல பாருன்னு அன்னிக்கே சொன்னாரு. அவருக்கு எப்படித் தெரியும்னு எனக்கு அப்பவே தோணாமப் போச்சே," என்றார். எச்சரிப்பதற்காக ராவுத்தர் சொன்ன சொல்லே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் மறுக்கவில்லை, காபி கொண்டுவரச் சொன்னேன்.

அடுத்த ஏலம் நாகல் நகரில். ராவுத்தர் கைதான் அந்தக் காசுகளைக் கெடுத்தது என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது. ராவுத்தர் தட்டின் அருகே வந்து விரல்களைத் துடைக்கத் தொடங்கியதும் ஏலக்காரர், "பாய், தள்ளி நின்னு பாருங்க, கை வேணாம்," என்றார். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். என்னைக் கடந்து போகும்போது நின்று, "கண்ணுக்கு மட்டுந்தான் அனுமதியாம் சார். கை வெளியில நிக்கணுமாம்," என்று சிரித்தார். மதுரைக்காரர் என் வீட்டுக்கு வந்துபோனது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு ஏலங்களுக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு வரவில்லை. நான் பேகம்பூர் வழியைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையில் கல்லூரிக்குப் போகத் தொடங்கினேன். நடந்தால் உடலுக்கு நல்லது என்று வீட்டில் காரணம் சொன்னேன். சில ஆண்டுகள் கழித்து அவர் இறந்த செய்தி வந்தபோது அவருடைய தெருமுனை வரை போய், உள்ளே கூட்டம் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இப்போது நாணயச் சேகரிப்பாளர்கள் என்னைப் பாராட்டி ஒரு மலர் வெளியிடுகிறார்கள். என் புகைப்படத்தின் கீழே அச்சிட இருக்கும் வாசகத்தை ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்: "இவர் எழுதிய பட்டியல் ஒன்றுகூடத் திருத்தப்பட்டதில்லை." உண்மைதான். மூன்று முறை ஒப்புதல் கடிதம் எழுதி மூன்று முறையும் கிழித்தேன். மதுரைக்காரர் இன்றில்லை, அந்த வீட்டம்மாளும் இல்லை. நான் பேசாமல் இருந்தால் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அதுதான் என்னை இருக்கையில் உட்காரவிடாமல் செய்கிறது.

ஆகவே மலர்க் குழுவினர் அந்த வாசகத்தை நீக்கிவிட்டு, அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், பின்வருவதை அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்:

மிட்டாதார் வீட்டு ஏலப் பட்டியல், திருத்தம். விக்டோரியா ரூபாய்கள், முப்பத்திரண்டு. தேய்மானம் இல்லை. நான் பார்ப்பதற்கு முன்பே வீட்டாரால் திருநீறு கொண்டு துலக்கப்பட்டவை. அச்சடித்த நாளின் ஒளி போய்விட்டது. ஏலம் தொடங்க அரை மணி இருக்கும்போது இதைக் கண்டு சொன்னவர் பேகம்பூர் ராவுத்தர். எழுத மறுத்தவன் நான்.