எதிர்வீட்டு அக்கா அழவில்லை

என் முதல் நாவலில் தனியாக வாழும் ஒருத்தி வருவாள். திருத்தங்கலில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த அக்காவைப் பார்த்துத்தான் அவளை எழுதினேன். அக்காவுக்குப் புருஷன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தினமும் வேனில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வருவார். நாவலில் அவளைப் பக்கம் பக்கமாக அழவைத்திருந்தேன்.

புத்தகத்தைப் படித்துவிட்டு அக்கா சிரித்தார். "எம்புட்டு அழுகை! நான் என்னைக்குத் தம்பி அழுதேன்? சாயங்காலம் கதவைத் தொறந்ததும் 'வந்துட்டேன்'னு சத்தமாச் சொல்லுவேன். யாரும் பதில் சொல்லலேன்னாலும் அடுப்புப் பத்தவைக்கத் தெம்பு வந்துரும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபதிப்பில் அழுகையையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த 'வந்துட்டேன்' என்ற குரலை மட்டும் வைத்தேன். புத்தகம் அச்சாகி வருவதற்குள் அக்கா காலமாகிவிட்டார். அவரிடம் அதைக் காட்ட முடியாமல் போனது இன்றும் மனசில் கிடக்கிறது.