பெரியவள் யார்

எங்களுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு காம்பவுண்டு வீட்டில், ஒரே அறையும் சமையலுக்கு ஒரு தடுப்பும் கொண்ட போர்ஷனில் குடியிருந்தோம். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லைனில் இருந்தேன். மனைவி வல்லம் பக்கத்துப் பெண். செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. நாங்களே பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம் என்பதால் பிரசவத்துக்கு இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. குழந்தை வளர்ப்பில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்குக் கிளம்பும் அன்று ஆஸ்பத்திரி நர்ஸ் பத்து நிமிடம் சொன்னதுதான். அதில் பாதி அவளுக்கு நினைவிருந்தது, பாதி எனக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

மூன்று மாத லீவு முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்பினாள். அவள் காலை ஷிப்ட், நான் மதிய ஷிப்ட் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். விடிவதற்குள் அவள் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். ஒரு மணிக்கு நான் கிளம்புவேன். அவள் வந்துசேர மூன்றாகும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரம் பக்கத்து போர்ஷன் அக்கா பார்த்துக்கொள்வார். வாரநாட்களில் நானும் அவளும் உட்கார்ந்து பேசியதே இல்லை. கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளுக்கு எழுதிவைப்பதுபோல, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைப்போம். ‘பெரியது ஒன்பது மணிக்குப் பால் குடித்தது. சின்னது கக்கிவிட்டது, மறுபடி கொடுக்கவில்லை.’ இப்படித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

இரண்டும் அச்சாக ஒரே முகம். மூத்தவளுக்கு வசம்பு கோத்த வளையல், இளையவளுக்கு வெறும் கறுப்புமணி. எனக்கு அதுதான் அடையாளம். என் மனைவிக்கு வளையலே தேவையில்லை, முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டரம்மா சொட்டு மருந்து கொடுத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூத்தவளுக்கு மட்டும் என்றார். மறுநாள் காலை நான் தனியாக இருந்தபோது ஒருத்தி வயிற்றாலே போய், அது மற்றவள் மேலும் ஒட்டிக்கொண்டது. வளையல்கள் எல்லாம் அசிங்கமாகிவிட்டன. கழற்றி அலசி ஜன்னலில் வைத்தேன். இருவரையும் வெந்நீரில் துடைத்து ஒரே மாதிரித் துண்டில் சுற்றிப் பாயில் போட்டேன். மூத்தவள் இடப்பக்கம் என்று மனதில் சொல்லிக்கொண்டேன். அதற்குள் பால் பொங்கி வழிந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். வரும்போது பாயின் அந்தப் பக்கமாக வந்து நின்றேன் போலிருக்கிறது. எனக்கு இடமா, அவர்களுக்கு இடமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவ்வளவுதான், எல்லாம் குழம்பிவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வெந்நீர் பட்டதில் இரண்டும் ஒரே சூடு. அதிகம் அழுதவள்தான் நோயாளி என்று முடிவுகட்டி அவளுக்கு மருந்தைக் கொடுத்து வசம்பு வளையலையும் போட்டேன். ‘பெரியது, பதினொரு மணிக்கு மருந்து’ என்று எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பஸ் ஒரகடம் போய்ச்சேரும்வரை அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

நாலரை மணி இருக்கும். சூப்பர்வைசர் லைனுக்கே வந்து, “தம்பி, வூட்ல இருந்து வந்துகிறாங்க, கேட்டாண்ட போ” என்றார்.

கேட்டுக்கு வெளியே அவள் ஒரு குழந்தையோடும் பக்கத்து வீட்டு அக்கா இன்னொன்றோடும் நின்றிருந்தார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்கள். அவள் இன்னும் கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றவில்லை.

“பெரியவளுக்கு மருந்து குடுத்தேன்னு எழுதிகிற. இவளுக்கு ஒடம்பு கொதிக்குது. வளையல பாத்தா இவ சின்னவ. பெரியவ எழுந்துக்கவே மாட்டேன்றா. நீ யாருக்குக் குடுத்த?”

“பெரியவளுக்குத்தான்” என்றேன். சொன்ன கையோடு மாற்றிச் சொன்னேன். “எனக்குத் தெரியலட்டீ. வளையலக் கழத்திட்டேன். பெறவு எது யாருன்னு தெரியல. பாத்துத்தான் போட்டேன், ஆனா சரியாப் போட்டேனான்னு தெரியல.”

திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவள் திட்டவில்லை. கையிலிருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன மாசம் எண்ண தேச்சிக் குளிப்பாட்டும்போது எங்கிட்டயும் ரெண்டு வளையலும் கழண்டுச்சி” என்றாள். “நானும் ஒரு குத்துமதிப்பாத்தான் போட்டேன். உங்கிட்ட சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“பெத்தவளுக்கே தெரியலன்னா நீ இன்னா நெனைப்ப?”

எனக்கு என்ன தோன்றியது என்று இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மாதமாகப் பெரியவளைச் சின்னவள் என்றும், சின்னவளைப் பெரியவள் என்றும் கூப்பிட்டு வந்தோமா? அல்லது இன்று நான் தவறுதலாகப் போட்டதில் அது நேராகிவிட்டதா? மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியிலேயே விட்டுவிட்டேன். இதை ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கோபம் வந்தது. நானும் காலையிலிருந்து அதையேதானே செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியதும் அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் போயிற்று.

“மொதல்ல டாக்டராண்ட போலாம் வாங்க” என்றார் அக்கா. “யாரு பெரியவளுன்றத வூட்டாண்ட போயி பேசிக்கலாம்.”

சூப்பர்வைசரிடம் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களோடு கிளம்பினேன்.

டாக்டரம்மா இருவருக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். இருவருக்குமே காய்ச்சல் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தவள் ஸ்டெதஸ்கோப்பின் குளிர்ச்சி நெஞ்சில் பட்டதும் விழித்து வீறிட்டாள். எங்கள் இருவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

“காலைல எந்தக் குழந்தைக்கு மருந்து குடுத்தீங்க?”

“தெரியல டாக்டர்.” இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. “தெரியலன்னு சொன்னது நல்லது. தெரியும்னு நெனச்சுக்கிட்டு ஒரே குழந்தைக்கு ரெண்டு தடவை குடுத்திருந்தாதான் பிரச்சினை. இப்ப ஆறு மணி நேரம் ஆயிடுச்சு, ரெண்டு பேருக்கும் குடுக்கலாம். நான் இருக்கும்போதே குடுங்க.” அவர் அளவு பார்க்க, நான் ஒருத்தியைப் பிடிக்க, என் மனைவி மருந்தை ஊற்றினாள். அடுத்தவளுக்கு அவள் பிடித்தாள், நான் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அக்காவிடம் நகப்பாலிஷ் வாங்கி வந்தாள்.

“யாருக்குப் போடப்போற?” என்றேன்.

“உங்கையில கீறவளுக்கு. அவ பெரியவ.”

“எப்படிச் சொல்ற?”

“சொல்லல. வச்சிக்கிறேன். யாராச்சும் ஒருத்தி பெரியவளா இருக்கணும்ல.”

காலின் பெருவிரலில் சிவப்பு பூசி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தாள். வாரம் ஒருமுறை மறக்காமல் பூசினோம். பூசுவது நான் பாதி, அவள் பாதி. காய்ச்சல் மூன்றாம் நாள் இருவருக்கும் விட்டுவிட்டது. அன்று நாங்கள் வைத்துக்கொண்டது சரிதானா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பெண்களிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லவேண்டுமா என்பதிலும் எங்களுக்குள் ஒரு முடிவு இல்லை.

அந்த வாரத்திலிருந்து, டீ பிரேக்கில் அவள் கம்பெனி கேண்டீன் போனிலிருந்து அக்கா வீட்டுக்குப் போன் செய்வது வழக்கமாயிற்று. அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவார், நான் ஓடுவேன்.

“இன்னா பண்றாங்க?”

“தூங்குதாங்க.”

“யாரு மொதல்ல தூங்குனா?”

“தெரியல. நாந்தான் மொதல்ல தூங்கிட்டேன்னு நெனைக்கேன்.”

“சரி, வையி. போயி அவுங்கள பாரு” என்றாள்.