கயிறு கட்டி இழுத்த வண்டி

என் அக்காவின் வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். குவைத்தில் எட்டு வருடம் மணலில் ஜீப் ஓட்டியவர். அங்கே கிடங்கில் இரும்புக் குழாய் சரிந்து இடது காலில் விழுந்து, அந்தக் காலில் பலமில்லாமல் சித்தூர் பக்கத்துக் குடிபாலாவுக்கு, எங்கள் ஊருக்கு, திரும்பி வந்தார். நடப்பார். ஆனால் எதையும் அழுத்தி மிதிக்க முடியாது. கிளட்ச் மிதிக்கிற கால் அது. இனிமேல் அவர் வண்டி ஓட்டுவதென்றால் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிதான் ஓட்டமுடியும்.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாராம், தன் கையால் வண்டி ஓட்டி மலையேறி முடி கொடுக்கிறேன் என்று. வெளிநாட்டு வண்டிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக நம் ஊருக்குள் வந்துகொண்டிருந்த காலம். குவைத்தில் அவர் ஓட்டிய அதே கம்பெனி ஜீப், ஆட்டோமேட்டிக் கியர், நாலு சக்கரமும் இழுப்பது, மெட்ராஸில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்றது, அவருக்குக் கிடைத்தது. வேறு கம்பெனியைப் பார்க்கவே மாட்டேன் என்றார்.

நானும் அப்படித்தான், ஆனால் வேறு கம்பெனிக்கு. திருமலைக்கு ஜனங்களை ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. நைனா ஓட்டியதும் அந்தக் கம்பெனி ஜீப்தான், நான் மாற்றி மாற்றி வாங்கிய மூன்றும் அதுதான். கைக்கு அடங்காத கியர் எதற்கு என்று மாமாவைக் கிண்டல் செய்வேன். நடுவழியில் நின்றால் தள்ளி ஸ்டார்ட் பண்ணக்கூட முடியாதே என்பேன். அவர் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து, விரலை வைத்துப் படித்துச் சொன்னார். "தள்ளவும் கூடாது, கயிறு கட்டி இழுத்துக்கினு போவவும் கூடாது, மச்சான். இஞ்சின் ஓடாம சக்கரம் சுத்துனா உள்ள ஆயில் போவாது, பல்லெல்லாம் வெந்துடும்." நான் சிரித்தேன். ஆனால் காதில் வாங்கிக்கொண்டுதான் சிரித்தேன். அதை இன்றைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவரே ஓட்டினார். மலையடிவாரத்து அலிபிரியில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி மலையேறினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முடி கொடுத்து, தரிசனம் முடித்து இறங்கியதும், திருப்பதியில் மகள் வீட்டில் நாலு நாள் இருப்பதாகச் சொல்லி, சாவியை என்னிடம் கொடுத்தார். வண்டியைக் குடிபாலாவில் விடச் சொன்னார்.

போகிற வழியில் திருச்சானூரில் தாயாரைச் சேவிக்கப் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். வெளியே வந்தால் பேட்டரி செத்திருந்தது. முன் விளக்கை அணைக்காமல் போயிருந்தேன். என் ஜீப் என்றால் நாலு பேர் தள்ளினால் போதும். பழக்கத்தில் ஆள் கூப்பிட்டேன். வந்தவர்களில் ஒருவர் தெலுங்கில், "தோஸ்தே ஸ்டார்ட் அவ்வது அன்னா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது என்பது அவருக்குக்கூடத் தெரிந்திருந்தது.

வேறு பேட்டரிக்கு ஒயர் போட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. எனக்கு வீம்பு. மாமாவின் கம்பெனி நடுத்தெருவில் நின்றதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, பெருமாளே மன்னிக்கட்டும். அப்போது வேலூருக்குப் போகிற லாரிக்காரர் ஒருவர், நம் பக்கத்து ஆள், நிறுத்தினார். "கயிறு கீது, கட்டு. உங்க ஊர்ல உட்டுட்டுப் போறேன்," என்றார். எங்கள் தொழிலில் நின்ற வண்டிக்கு அதுதான் வைத்தியம். நியூட்ரலில் போட்டுக் கட்டிவிட்டேன்.

ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. பாகாலா தாண்டி டீக்கு நிறுத்தியபோது அடியில் வெல்லம் கருகின மாதிரி வாடை வந்தது. லாரியின் பிரேக் வாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமா திரும்பி வந்து புதுப் பேட்டரி மாட்டினார். இஞ்சின் எழுந்தது. கியரைப் போட்டதும் உள்ளே ஏதோ அரைபட்டது, வண்டி நகரவில்லை. சித்தூரிலிருந்து வந்த மெக்கானிக் ஆயிலை வடித்தார். கரியாக வந்தது. விரலில் தொட்டு மோந்துவிட்டுக் கேட்டார்: "கயிறு கட்டி இழுத்தீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார்.

"இல்ல," என்றேன். "வூட்டாண்ட வந்துதான் நின்னுச்சு. ஆள வெச்சுத் தள்ளிக்கினு வந்தோம்."

நான் சொன்னதை மாமா அப்படியே நம்பினார். அந்தக் கியரைச் சரிபண்ண சித்தூரிலும் ஆள் இல்லை, வேலூரிலும் இல்லை. வண்டி வேப்பமரத்தடியில் மழையில் நின்றது. எட்டு வருடம் தூக்கிப் பேசிய கம்பெனியை அவர் வாயாலேயே திட்டினார். கடைசியில் பாகங்களுக்காக யாரோ வாங்கிப்போனார்கள். "நீ சொன்னதுதான் சரி, மச்சான். உன் கம்பெனி ஏமாத்தாது," என்றார். என் கம்பெனி ஜீப்பையே வாங்கினார்.

அதில் கிளட்ச் உண்டு. பழகிக்கொள்வேன் என்று ஒரு காலையில் ஏரிக்கரையில் ஏறி உட்கார்ந்தார். முட்டியை இரண்டு கையாலும் அழுத்தி மிதித்துப் பார்த்தார். வண்டி குதித்து நின்றது. மறுபடியும் நின்றது. மூன்றாம் தடவைக்கு அப்புறம் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து, இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தார். "நீயே ஓட்டு," என்றார்.

அன்றிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை அவரை மலைக்குக் கூட்டிப்போகிறேன். நானும் முடி கொடுத்தேன். அடிப்பிரதட்சிணம் செய்தேன். பெருமாளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருக்கிறவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

போன மாதம் பூதலப்பட்டுக்கு அருகே ஒரு கார் முன்னால் போனது, டிராக்டரில் கயிறு கட்டி. மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கியர்னு கேட்டுட்டுக் கட்டுனாங்களோ இன்னாவோ," என்றார். "நிறுத்தி சொல்லிட்டுப் போ, மச்சான். அவனுக்குத் தெரியாது, பாவம்."

நிறுத்தினேன். இறங்கிப் போய்க் கேட்டேன். சாதாரண கியர்தான். திரும்பி வந்து அதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார். வண்டியை எடுத்தேன்.

எழுத்துப் படிக்க அவருக்கு இப்போது கண் சரியில்லை, அக்காதான் எதையும் படித்துக் காட்டுகிறாள். என் வாயில் வராததை அவள் வாயால் அவர் கேட்கட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன். அக்கா, இதை அவருக்குப் படித்துச் சொல். அவருடைய கம்பெனி மேல் தப்பில்லை.