துக்கம் விசாரிப்பதுபோல் வந்தவர்கள்

ஃப்ரிட்ஜைத் திறந்ததும் நாலு வீட்டுப் புளியும் தேங்காயும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். ஐஸ்கிரீம் டப்பாவில் சாம்பார், தயிர் டப்பாவில் பொரியல் என்று எதில் எது இருக்கிறதென்று மூடியைத் திறந்தால்தான் தெரியும். ஐஸ்கிரீம் என்று ஆசையாய்த் திறந்து பாகற்காயைப் பார்த்த ஏமாற்றம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1990-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் பிஸ்கட்டவேயில் இருந்த எங்கள் அபார்ட்மென்ட் ஃப்ரிட்ஜில் அம்மா சமைத்தது என்று ஒன்றுகூட இல்லை. அம்மா சவுதிப் பாலைவனத்தில், அமெரிக்க ராணுவத்தின் மருத்துவமனைக் கூடாரம் ஒன்றில் நர்ஸாக இருந்தாள். எனக்கு ஒன்பது வயது.

அம்மா ராணுவத்தில் இருந்தாள் என்பதே எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. மேல்படிப்புக்கு உதவி கிடைக்கும் என்று "ரிசர்வ்" படையில் சேர்ந்தவள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டு வருவாள், நாங்கள் அதை "வீக்கெண்ட் டியூட்டி" என்று சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். போருக்குக் கிளம்பச் சொல்லி ஆர்டர் வந்ததும் வீடு கொள்ளாத கூட்டம். "லீவு போட முடியாதா சிஸ்டர்?" என்றார் ஒரு அங்கிள். "பேசாம ரிசைன் பண்ணிடுங்களேன்" என்றார் இன்னொருவர், ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியை விடச் சொல்வதுபோல. மூன்றாமவர்தான் பெரிய ஆறுதல் சொன்னார்: "சவுதிதானே? என் மச்சான் தம்மாம்லதான் இருக்கான். எது வேணும்னாலும் அவனுக்கு ஒரு போன் போடுங்க." அந்த மச்சானின் நம்பரை அம்மா நிஜமாகவே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு, நானும் அப்பாவும் மட்டும் இருந்த வீட்டை ஆன்ட்டிமார்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். தலைவி, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த தூத்துக்குடி ஸ்டெல்லா ஆன்ட்டி. காலையில் வந்து கண்கள் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கமாய் ரெட்டைச்சடை பின்னி என்னை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் அவர்தான், இன்று யார் வீட்டுக் குழம்பு, நாளை யார் வீட்டு ரசம் என்று முறை வைத்தவரும் அவர்தான். எதிர்வீட்டு அமெரிக்கப் பாட்டி, போருக்குப் போனவள் பத்திரமாகத் திரும்பட்டும் என்று எங்கள் வாசல் மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டியபோது, "பரவாயில்லையே, இவங்களும் வேண்டுதல் எல்லாம் வைக்கிறாங்க" என்று ஆச்சரியப்பட்டார். வேளைக்குச் சோறு, துவைத்த துணி, வீட்டுப்பாடத்துக்கு ஒரு அக்கா என்று எதிலும் குறை வைக்கவில்லை அவர்கள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால் மட்டும் எல்லார் வாயிலும் ஒரே வாக்கியம்: "எல்லாம் நல்லபடியா நடக்கும், ஜெபம் பண்ணு."

இந்த இடத்தில் அதற்கு முந்தைய கோடையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்டெல்லா ஆன்ட்டியின் அப்பா ஊரில் இறந்துபோன செய்தி வந்து, நாங்கள் அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று எல்லாரும் சாப்பாடு கொண்டு வந்திருந்தார்கள். கிளம்பும்போது நான் பழக்கதோஷத்தில் "போயிட்டு வரேன் ஆன்ட்டி" என்று ஆரம்பித்ததும் அம்மா என் கையை நெரித்துவிட்டாள். காரில் ஏறிய பிறகுதான் விளக்கினாள்: "செத்த வீட்டுல போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதுடி. பேசாம எழுந்து வந்துடணும்."

ஜனவரியில் சண்டை தொடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். சத்தத்தை அணைத்துவிட்ட டிவியில் பச்சை வானத்தில் குண்டுகள் வெளிச்சம் வெளிச்சமாய்ப் போய்க்கொண்டிருந்தன. ஆளுக்கு ஒரு டப்பாவோடு வந்தார்கள், தரையில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள், யாரும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, என் தலையைத் தடவிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் வெளியே போனார்கள். வழக்கமாக வாசலில் அரைமணி நேரம் நின்று பேசிவிட்டுப் போகிற கூட்டம் அது. கடைசியாகப் போனவர் ஸ்டெல்லா ஆன்ட்டி. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் சொல்லவில்லை.

அம்மா செத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாருக்கும் தெரியும், என்னிடம்தான் மறைக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டிருக்கலாமே என்று இன்று யாரும் சொல்லலாம். கேட்டால் அவர் ஆமாம் என்று சொல்லிவிடுவார், அதற்குப் பிறகு என்ன செய்வது? வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. மெஷின் ஓடுகிற நேரமாகப் பார்த்து அங்கே போய் உட்கார்ந்து அழுவேன். பள்ளியில் கவுன்சிலர் மிஸ் என்னைத் தனியாக உட்காரவைத்து, கலர் பென்சில்கள் கொடுத்து, அம்மாவை வரையச் சொன்னார். வரைந்தேன். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். "ஃபைன்" என்றேன். நல்ல பெண்மணி அவர்.

அப்படியே நாட்கள் போய், ஒரு மாலை போன் வந்தது. அப்பா ரிசீவரை என் காதில் வைத்தார். கரகரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து அம்மா, "சாப்பிட்டியாடி?" என்றாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்தான். ஆனால் நான் அவளை அழுது முடித்திருந்தேன். சொட்டு மிச்சமில்லை. செத்துப்போன அம்மா சாப்பிட்டியா என்று கேட்டால் ஒரு குழந்தை என்ன சொல்லும்? "எஸ்" என்றேன். அப்பா ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

பின்னாளில் யோசித்ததில் ஆன்ட்டிமார்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. புருஷன் சவுதிக்குப் போன வீட்டுக்கு எப்படி வந்து போவது என்று அவர்களுக்குத் தெரியும். பெற்றவள் சண்டைக்குப் போன வீட்டுக்கு எப்படிப் போவது என்று எந்த ஊரில் வழக்கம் இருந்தது? மனசு கனத்துப்போய் வந்தவர்களின் உடம்பு, தனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில், துக்க வீட்டுக்குப் போவதுபோல், நடந்துகொண்டது.

வசந்த காலத்தில் அம்மா திரும்பி வந்தாள். ஒரு பெரிய கூடம், நிறையக் கொடிகள், பலூன்கள். மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் ஸ்டெல்லா ஆன்ட்டியின் கோட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நின்றேன். அம்மா கறுத்து, மெலிந்து, நேராக என்னிடம் வந்து மண்டியிட்டாள். அப்பா, "அம்மாடி, போ" என்று மெல்லத் தள்ளினார். ஸ்டெல்லா ஆன்ட்டி கோட்டிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். என் அம்மாதான் என்று எனக்குத் தெரிந்தது, கால்தான் நகரவில்லை.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். அந்த அபார்ட்மென்ட்டை இடித்துவிட்டார்கள்; ஜெபக்கூட்டம் பிளானோ, லிவர்மோர் என்று வேறு வேறு ஊர்களுக்குச் சிதறிவிட்டது. அப்பா போய்விட்டார், ஸ்டெல்லா ஆன்ட்டியும் போய்விட்டார். போரைப் பற்றி அம்மா பேசுவதே இல்லை. சவுதியில் என்ன பார்த்தாள், யாருக்குக் கட்டுப்போட்டாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒன்றை மட்டும் என் மகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வாள், போன வாரமும் சொன்னாள்: "நான் திரும்பி வந்த அன்னைக்கு உங்கம்மா அத்தனை கூட்டத்தையும் தள்ளிக்கிட்டு ஓடி வந்தா பாரு, என்னைக் கீழேயே தள்ளிட்டா. அந்த ஒண்ண நினைச்சுக்கிட்டுத்தான் அங்க ஒவ்வொரு நாளையும் ஓட்டினேன், அப்படியே நடந்துச்சு."

என் மகள் என் பக்கம் திரும்பி, "ரியலி, மாம்?" என்றாள்.

இல்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை, என்னைத் தவிர. "ஆமா, ஓடினேன்" என்றேன்.