பாம்பூஃப்ளாட்டில் ஒரு கறுப்புப் படம்

1963-ல் கல்யாணமாகி போர்ட் பிளேயருக்குக் கப்பலேறி வந்தபோது ஜெயமணியின் டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு நடுவே ஏழு தபால் அட்டைகள் இருந்தன. சென்னையில் பாலர் வகுப்பு ஆசிரியைப் பயிற்சியில் இருந்த வருடம் ஒரு கண்காட்சி வாசலில் வாங்கியவை. சாமி படமும் இல்லை, நடிகை படமும் இல்லை. வட்டங்கள், கட்டங்கள், கறுப்புக் கோடுகளுக்கு நடுவே சிவப்பும் நீலமும் மஞ்சளும்.

அவள் கணவன் பாலசுப்பிரமணியம் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் பெட்டியைப் பிரித்த அன்று அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "துணிக்கடை சாம்பிளா?" என்று கேட்டான்.

"பெரிய ஓவியர்கள் வரைஞ்சதோட அச்சு. பிள்ளைங்களுக்குக் காட்டத்தான் வாங்கினேன்."

"பெரியவங்களுக்கே புரியலையே."

"பெரியவங்களுக்குத்தான் புரியாது," என்றாள் ஜெயமணி. அதைக் கர்வமாகச் சொல்லவில்லை. பயிற்சிக் காலத்தில் பார்த்திருந்ததைச் சொன்னாள்.

ஆறு மாதத்தில் வேலை கிடைத்தது. சாத்தாமில் படகேறி அக்கரை போனால் பாம்பூஃப்ளாட். அங்கே ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு நடத்திய ஒரு பால்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகள். மூன்றரை வயது முதல் ஐந்து வரை. வங்காளிப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், மலையாளம், தமிழ், ராஞ்சியிலிருந்து மரம் வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள். வீட்டில் ஆளுக்கொரு மொழி. தெருவில் எல்லோருக்கும் கொஞ்சம் ஹிந்தி. ஜெயமணியின் ஹிந்தியும் அந்தக் கொஞ்சம்தான். பிள்ளைகள் அவளை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள்.

சுவரில் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த படச் சார்ட் ஒன்று தொங்கியது. ரயிலைக் காட்டி, "யே க்யா ஹை?" என்று கேட்டால் பாதிப் பேர் "ஜஹாஜ்" என்றார்கள். தீவில் பிறந்த பிள்ளைகள் ரயிலை எங்கே கண்டார்கள்? புகை விட்டுக்கொண்டு நீளமாக இருந்தால் அது கப்பல்தான். ஒட்டகத்தை நோய் பிடித்த மாடு என்று ஒருத்தி சொன்னாள். காலையில் பத்து முறை "தப்பு, தப்பு" என்று சொல்லிச் சொல்லி ஜெயமணிக்கே வாய் கசந்தது. இரண்டாவது வாரம் சார்ட்டைச் சுருட்டி அலமாரி மேலே வைத்துவிட்டு, வட்டங்கள் இருந்த அட்டையை எடுத்துப் போனாள்.

பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் வட்டம். எது என்னவென்று அவள் கேட்கவில்லை. அட்டையைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். பிள்ளைகள் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். வங்காளிச் சிறுமி ஒருத்தி ஒரு வட்டத்தைத் தொட்டு "டிம்" என்றாள். அவள் மொழியில் முட்டை. தெலுங்குப் பையன் அதையே தொட்டு "கன்னு" என்று தன் கண்ணைக் காட்டினான். இன்னொருவன் "பஹியா" என்று கையால் சக்கரம் உருட்டினான். காண்ட்ராக்டர் கோவிந்தராஜின் மகள் செல்லம் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணில கல்லு போட்டா இப்படி ஆகும்," என்றாள். ஒருத்தரும் ஒருத்தரையும் தப்பென்று சொல்லவில்லை. ஒரு மொழிக்காரப் பிள்ளை சொன்னதை மற்றப் பிள்ளைகள் படத்தில் விரல் வைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். அன்று மத்தியானம் வரை யாரும் அழவில்லை.

"இதை வரைஞ்சவர் பேரு காண்டின்ஸ்கி. ரஷ்யாக்காரர்," என்றாள். அந்தப் பெயர் பிள்ளைகளுக்கு வாயில் வைத்து மெல்லப் பிடித்திருந்தது. ஒரு வாரம் முழுக்கக் காண்டின்ஸ்கி, காண்டின்ஸ்கி என்று சொல்லிக்கொண்டே கைகழுவப் போனார்கள்.

அடுத்து மாண்ட்ரியான் என்ற ஓவியரின் அட்டை. நேர்க்கோடு தவிர வேறு கோடு போடாதவர் என்று அவள் சொன்னதும் செல்லம், "அவங்க ஊர்ல கடல் இல்லியா?" என்று கேட்டாள்.

"இருக்கு. கடலைவிடத் தாழ்வா இருக்கிற ஊரு அது."

"அப்ப முங்கிப் போயிடுமே."

"அதுக்குத்தான் நேரா கரை கட்டி வச்சிருக்காங்க."

செல்லம் தலையாட்டினாள். அவள் வரைக்கும் அந்த ஓவியர் கோடு போடுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

எல்லா அட்டையும் இப்படிக் கைகொடுக்கவில்லை. பிக்காசோவின் ஒரு முகத்தைக் காட்டியபோது, இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருப்பதைக் கண்டு மூன்று பிள்ளைகள் வீறிட்டார்கள். ஒருவன் மறுநாள் பால்வாடிக்கு வரவில்லை. ஜெயமணி அந்த அட்டையைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். அது இன்னும் பெரிய பிள்ளைகளுக்கானது என்று தன் நோட்டில் எழுதி வைத்தாள்.

பார்ப்பதோடு நிற்கவில்லை. சலவை நீலம், மஞ்சள்தூள், காவி, சுண்ணாம்பு, பானைக் கரி. இவ்வளவுதான் வர்ணம். தேங்காய் நாரைக் கட்டினால் பிரஷ். காகிதத்துக்குப் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஜெய்னுலாப்தீன் பாய் உதவினார். துணிப் பொதி சுற்றி வந்த தடித்த காகிதத்தை அவர் மடித்து எடுத்து வைப்பார். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பானதை முதல்முறை பார்த்த பிள்ளைகள் அன்றைக்கு வேறு வேலை எதையும் செய்ய விடவில்லை.

வந்தது வினை ஒரு வெள்ளிக்கிழமை. செல்லம் தன் காகிதம் முழுக்கக் கரியைப் பூசினாள். ஓரம் வரை கறுப்பு. காய்ந்ததும் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை கோவிந்தராஜ் அதைக் கையில் பிடித்தபடி வந்தார். ராமநாதபுரத்துக்காரர். கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். கமிட்டித் தலைவரும் அவர்தான். குரல் உயரவில்லை.

"டீச்சரம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொம்பளப் பிள்ள வீட்டுக்குக் கறுப்பைப் பூசிக் கொண்டாந்திருக்கு. அ, ஆ எழுதத் தெரியலை. ரஷ்யாக்காரன் பேரு சொல்லுது. திங்கக்கிழமை கமிட்டி கூட்டிருக்கேன். வந்து பதில் சொல்லுங்க."

"சொல்றேன் அண்ணாச்சி. படத்தைக் கிழிச்சிராம கொண்டாங்க," என்றாள் ஜெயமணி.

வீட்டில் பாலசுப்பிரமணியம், "கொஞ்சம் இறங்கிப் போயேன்," என்றான்.

"தப்பு செஞ்சிருந்தா போறேன்."

"செய்யலைன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள். திங்கள்கிழமை வழக்கமான படகிலேயே அக்கரை போனாள்.

கமிட்டியில் ஐந்து பேர். கோவிந்தராஜ், ஜெய்னுலாப்தீன் பாய், வங்காளிக் கம்பவுண்டர் ஒருவர், மர டிப்போவிலிருந்து இரண்டு பேர். ஜெயமணி பதில் சொல்வதற்கு முன் ஐவருக்கும் ஆளுக்கொரு காகிதமும் ஒரு பென்சிலும் கொடுத்தாள்.

"கால் மணி நேரம். உங்களுக்குத் தோணினதை வரைங்க. அப்புறம் என்னைக் கேளுங்க."

கம்பவுண்டர் சிரித்தார். பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கோவிந்தராஜ் கொஞ்ச நேரம் காகிதத்தையே முறைத்தார். பிறகு வரைந்தார்.

ஐந்து காகிதத்தையும் அவள் வரிசையாகத் தரையில் வைத்தாள். இரண்டு மலை. நடுவே பாதிச் சூரியன். மலையிலிருந்து ஒரு ஆறு. ஆற்றங்கரையில் ஓலைக் குடிசை, பக்கத்தில் தென்னை. ஐந்திலும் அதுவே. பாய் வரைந்ததில் மட்டும் நாலு பறவை கூடுதல்.

பிள்ளைகளை அவள் உள்ளே வரவிட்டாள். செல்லம் தன் அப்பாவின் காகிதத்துக்கு முன்னால் குந்தினாள்.

"இது எந்த ஊருப்பா?"

கோவிந்தராஜ் யோசித்தார். ராமநாதபுரத்தில் மலையே கிடையாது. பாம்பூஃப்ளாட்டில் அப்படி ஒரு ஆறும் கிடையாது. "சும்மா ஒரு ஊரு," என்றார்.

"நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

பாய்தான் முதலில் சிரித்தார். "நானும் பாத்ததில்லை காண்ட்ராக்டரே. மூணாங் கிளாஸ்ல வாத்தியார் போர்டுல போட்டது. அம்பது வருசமா கையில நிக்குது."

ஜெயமணி சிரிக்கவில்லை. செல்லத்தின் கறுப்புப் படத்தை எடுத்து விரித்தாள். "இதை அவகிட்டயே கேளுங்க அண்ணாச்சி."

கோவிந்தராஜ் குனிந்து, "இது என்னம்மா?" என்றார்.

"கறுப்புப்பா," என்றாள் செல்லம், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. அவர் விரலைப் பிடித்துக் காகிதத்தின் மேல் வைத்தாள். "இங்க மெல்லிசு. இங்க தடி. இங்க காயவிட்டு மறுபடி போட்டேன். தொட்டுப் பாரு."

அவர் தொட்டுப் பார்த்தார். பிறகு காகிதத்தை ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்தார். மேல்பாதியில் கரி புகைபோலப் படர்ந்து காகிதத்தின் பழுப்பு தெரிந்தது. கீழே வரவர அடர்ந்து, அடியில் தார் மாதிரி மின்னியது. ஒரு இடத்திலும் திட்டு இல்லை.

"ரெண்டு கோட்டு பூச்சு," என்றார் மெதுவாக. "காயவிட்டு ரெண்டாவது கோட்டு போட்டிருக்கு. என் ஆளுங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. நீங்களா சொல்லிக்குடுத்தீங்க?"

"இல்ல. நாலு காகிதம் கெட்டுப்போச்சு. அஞ்சாவதுல அவளே கண்டுபிடிச்சா. அந்த நாலையும் நான் பாத்துட்டு சும்மா இருந்தேன். என் வேலை அதுதான்."

கோவிந்தராஜ் படத்தைச் சுருட்டி மகள் கையில் கொடுத்தார். கடைசியில் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. பத்தரை வரை எழுத்து; அதன்பிறகு டீச்சரம்மா இஷ்டம். ஜெயமணி ஒப்புக்கொண்டாள். எழுத்தைச் சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு ஒருநாளும் தகராறு இருந்ததில்லை.

அடுத்த மாதம் கோவிந்தராஜ் ஆள் அனுப்பி, பால்வாடியின் வெளிச்சுவரைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரம் வரை வழவழப்பாகப் பூசிக் கொடுத்தார். வருடா வருடம் மழை அந்தச் சுவரை அலம்பிவிடும். மழை விட்டதும் புதுப் பிள்ளைகள் புது வர்ணத்தோடு வருவார்கள். படகுக்கு நடந்து போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். சிலர் இது என்ன என்று கேட்பார்கள். சிலர் கேட்காமல் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

ஜெயமணி அங்கே பதினொரு வருடம் இருந்தாள். 1972-ல் மெயின்லேண்டிலிருந்து பார்வையிட வந்த அம்மாள் ஒருவர், குழந்தைகள் ஓவியப் போட்டி ஒன்றுக்குப் படங்கள் அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு எழுத வேண்டும் என்பது விதி. ஜெயமணி பிள்ளைகளிடம் கேட்டாள். படம் கொடுத்த எட்டுப் பேரில் ஆறு பேர் தலைப்பு வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருத்தி 'ஞாயிற்றுக்கிழமை' என்றாள். இன்னொருவன் தன் பெயரையே வைத்தான். அவள் அப்படியே எழுதிக் கப்பலில் அனுப்பினாள். பரிசு வரவில்லை. படங்கள் கிடைத்தன என்று அச்சடித்த கடிதம் ஒன்று மட்டும் வந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டு பாலசுப்பிரமணியம், "வருத்தமா?" என்றான்.

"எட்டும் நல்ல படம்," என்றாள் ஜெயமணி. "நான் பாத்தேனே." பிறகு மறுநாளைக்கு வேண்டிய காவிக்கல்லை உரலில் போட்டு இடிக்க ஆரம்பித்தாள்.