தீர்ப்பு வந்தும் வராத தையல் மெஷின்

சபையில் சாட்சி சொல்லுகிறவர்கள் கண்ணீரோடு சொல்லுவார்கள். என்னிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். நான் சொல்லப்போகிற அந்த இரண்டு வருடமும் நான் அழவில்லை, சிரிக்கவும் இல்லை, மரத்துப்போய் இருந்தேன். அப்படிப்பட்டவளுடைய ஜெபத்தையும் கர்த்தர் கேட்டார் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

என் பெயர் ஞானம்மா. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பராவில் இருக்கிறேன். 1997இல் என் கணவர் காலமானார். எனக்கு முழங்கால் வலி, மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாது. அவர் வேலை செய்து சேர்ந்த சேமலாபக் காசில் ஒரு தையல் மெஷின் வாங்கினேன். பள்ளிக்கூடச் சட்டை, ரவிக்கை என்று தைத்துத்தான் நானும் மகள் எஸ்தரும் சாப்பிட்டோம்.

மறுவருடம் மெஷின் பழுதானது. ஹட்டனில் ஒரு கடையில் திருத்தக் கொடுத்தேன். துண்டுச் சீட்டு எழுதித் தந்து, "அடுத்த கிழமை வாங்க" என்றார்கள். ஆறு மாதம் அதே பதில். பிறகு பதிலே இல்லை. என்னைக் கண்டால் முதலாளி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். என் மெஷினை எப்போதோ விற்றுவிட்டார்கள் என்று அங்கே வேலை செய்த ஒருவர்தான் கடைசியில் சொன்னார். கடிதம் போட்டேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான். மத்தியஸ்த சபை கூப்பிட்டது, முதலாளி வரவில்லை. வழக்குப் போட்டேன்; கோர்ட்டு கூப்பிட்டது, அங்கேயும் வரவில்லை. 1999 தொடக்கத்தில் எனக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. மெஷினைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் பெறுமதியைக் கொடுக்க வேண்டும்.

நான் வீட்டுக்கு வந்து காத்திருந்தேன்.

சிரிக்காதீர்கள். நம் தோட்டத்தில் எது வந்தாலும் ஆபிசில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சம்பளமானாலும் சரி, தீபாவளி முற்பணமானாலும் சரி, தபாலானாலும் சரி, கூப்பிட்டால் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். கூப்பிடாமல் போனால் ஏச்சு விழும். கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்துப் பத்து மாதம் இருந்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

தினமும் ஜெபித்தேன். அதை ஜெபம் என்று சொல்ல எனக்கே கூச்சம். முழங்கால் போடவும் முடியாது. பலகையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, மெஷின்" என்பேன். அவ்வளவுதான். நெஞ்சில் ஒன்றும் அசையாது.

அந்த வருடக் கடைசியில் ஒரு தரகர் வந்தார். கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் பிள்ளை வேண்டும் என்றார். எஸ்தருக்குப் பதினைந்து வயது. "தையில கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். பெற்ற மகளை அனுப்பச் சம்மதித்தேன், அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

எஸ்தரின் வகுப்பாசிரியை சுகந்தி டீச்சர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, விஷயம் கேள்விப்பட்டு லயத்துக்கே வந்தார். மெஷின் கதையைச் சொன்னேன், தீர்ப்புத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அக்கா, பத்து மாசமா என்ன செய்தனீங்கள்?"

"கூப்பிடுவாங்கன்னு இருந்தேன் டீச்சர்."

"ஒருத்தரும் கூப்பிட மாட்டினம். தீர்ப்பை நிறைவேற்றித் தாங்கோ எண்டு நீங்கள்தான் மனுப் போட வேணும். நாளைக்கு நான் லீவு. வாங்கோ, போவம்."

அவர் கோயிலுக்குப் போகிறவர், நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. கர்த்தர் தமக்குப் பிரியமானவரை அனுப்புகிறார்.

மனுப் போட்டோம். மார்கழியில் ஒரு நாள், பிஸ்கால் என்கிற கோர்ட்டு உத்தியோகத்தர் என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். முதலாளி பேப்பரை விரித்தார். "இவ மெஷினும் இல்ல, கொடுக்கக் காசும் இல்ல" என்றார். பிஸ்கால் ஐயா என்னைப் பார்த்து, "பென்னன்ன அக்கே" என்றார். சிங்களத்தில், காட்டுங்கள் என்று அர்த்தம். முதலாளியுடைய பொருளில் எதை ஜப்தி செய்வது என்று நான்தான் கைநீட்டிக் காட்ட வேண்டுமாம்.

கண்ணாடிக்குள் இருந்த புது மெஷின்கள் கொழும்புக் கம்பனியின் சொத்து என்று முதலாளி தாள் காட்டினார். சுவரோரம் பழைய மெஷின்கள் வரிசையாக இருந்தன. "அதுல ஒண்ண எடுத்துக்கிட்டுப் போ" என்றார். என் கை அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு மெஷினைத் தொட்டும் விட்டேன். அதில் ஒரு துண்டுச் சீட்டு கட்டியிருந்தது. லெட்சுமி, திம்புள்ள என்று எழுதியிருந்தது, என்னைப் போலத் திருத்தக் கொடுத்தவள்.

நல்ல மெஷின். பிஸ்கால் ஐயாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தேன்.

"ஆண்டவரே, இந்த ஆளுக்குச் சொந்தமானது எதுவோ அதைக் காட்டும்" என்று உதட்டுக்குள் சொன்னேன். வெளிச்சம் வரவில்லை, சத்தம் கேட்கவில்லை. லெட்சுமியின் மெஷினிலிருந்து கையை எடுத்தேன். திரும்பினேன். முதலாளி முழங்கையை ஊன்றியிருந்த மேசை கண்ணில் பட்டது.

"அந்த மேச. அந்தக் கதிர. செவுத்து மணிக்கூடு. வெளிய தொங்குற போர்டு" என்றேன்.

பிஸ்கால் ஐயா எழுதினார். கூட வந்தவர்கள் மேசையைத் தூக்கினார்கள். ஒன்றரை வருடமாக என்னை ஏறெடுத்துப் பார்க்காத மனுசன் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். உட்கார அவருக்கு இடமில்லை. தெருவில் கூட்டம் கூடிவிட்டது.

"போர்ட கழட்டாதீங்க அக்கா. மானம் போயிரும். நாலு நாள் குடுங்க" என்றார்.

மூன்றாம் நாளே முதலாளி வேனில் ஒரு மெஷினை லயத்துக்குக் கொண்டுவந்தார். "இது யாரோடது? பில்லைக் காட்டுங்க" என்றேன். காட்டினார். அவர் காசு கொடுத்து வாங்கியதுதான். கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொண்டேன். மறுநாளே திம்புள்ளைக்கு பஸ் ஏறி, லெட்சுமியைத் தேடிப் பிடித்து, "உன் மெஷினை உடனே போய் எடு" என்று சொன்னேன். அன்றிலிருந்து தீர்ப்புத் தாளோடு முழிக்கிற யாராவது வந்தால் ஹட்டன் கோர்ட்டுக்கு நானே கூட்டிப் போகிறேன்.

என் ஜெபத்தில் உருக்கம் இருந்ததில்லை. ஆனாலும் கர்த்தர் அதைத் தள்ளவில்லை. பிறருடைய பொருளில் கை வைக்கவும் அவர் விடவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவர்கள் இங்கே இருந்தால், அப்படியே கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போங்கள்.

தையில் தரகர் வந்தார். எஸ்தருக்குச் சட்டை தைத்துக்கொண்டே, "அவ எங்கயும் வரமாட்டா" என்று சொல்லி அனுப்பினேன். இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு மகள் ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டீர்கள். அவள் டீச்சராகி இந்த வருடத்தோடு மூன்று வருடம். இந்த நேரம் வகுப்பில் இருப்பாள்.