உள்பக்கம் மஞ்சள்

மாலை நான்கு இருபது. பூட்டைத் திறந்து உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது, அணைந்திருக்கும் டிவியின் கண்ணாடியில் தெரியும் என் பள்ளிச் சீருடை. அம்மாவும் அப்பாவும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள்; ஏழு மணிக்கு முன் வரமாட்டார்கள். அதுவரை எனக்குத் துணை, அப்பா வாங்கிக் கொடுத்த ஒரு கார்ட்டூன் பட சிடி.

படத்தில் ஓர் ஊர் முழுக்கக் கடிகாரங்கள். எல்லாம் ஒரே நொடியில் மணி அடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு குட்டிக் கடிகாரம் மட்டும் தனக்குத் தோன்றிய நேரத்தில், தானே கட்டிய மெட்டில் அடிக்கும். துரத்துவார்கள், பிறகு தேடி அழைத்து வருவார்கள், முடிவில் ஊரே கைதட்டும். "அவனவன் மணியை அவனவன் அடிக்கணும்" என்ற அதன் வசனத்தை எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே இழுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அந்தக் கைதட்டலும் ஒரே தாளத்தில்தான் இருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது.

எங்கள் தெருவுக்கும் ஒரு நிறம் இருந்தது. எந்திரங்களுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை கம்பெனியில் கேட்டு வாங்கி வருவது வழக்கம் என்பதால் கதவு, ஜன்னல், சைக்கிள், கோழிக்கூடு வரை எல்லாமே 'மெஷின் பச்சை'. ஒருமுறை அப்பா கொண்டுவந்ததில், கம்பெனித் தரையில் கோடு போடும் மஞ்சளும் ஒரு டப்பா இருந்தது. பள்ளி விட்டுத் தெருவில் திரும்பும்போது வீட்டில் விளக்கு எரிவதுபோல, யாரோ வந்துவிட்டதுபோலத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஜன்னலின் பட்டைக் கம்பிகளை உள்ளும் புறமும் மஞ்சளாக்கினேன்.

அன்று எதிர்வீட்டு அந்தோணி மாமா அப்பாவை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா மாமே, ஊட்ட கிரேனாக்கிட்ட? ஹூக்க மாட்டித் தூக்கினு போயிடப் போறானுங்க." தெரு சிரித்தது, அப்பாவும் சிரித்தார். உள்ளே வந்து, "நல்லாதான் கீது பாப்பா. ஆனா நாலு பேரு மாரியே இருந்துட்டுப் போவோமே" என்றார். நான் கடிகாரத்தின் வசனத்தைச் சொன்னேன்.

"அந்தக் கடியாரத்துக்கு எதிர் ஊடு கெடையாதும்மா."

ஞாயிற்றுக்கிழமை அவர் பச்சை டப்பாவைத் திறந்தபோது நான் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்று முழுக்க ஜன்னல் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை பள்ளி விட்டு வரும்போது தெரு மறுபடி ஒரே நிறமாக இருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே போனேன். கம்பிகள் மஞ்சளாகவே இருந்தன. தெருவைப் பார்த்த பக்கத்துக்கு மட்டும்தான் அப்பா பச்சை அடித்திருந்தார்.

அந்தத் தெரு இப்போது லாரிகள் நிற்கும் இடம். 'மெஷின் பச்சை' என்று யாரும் சொல்லிக் கேட்டு வெகுகாலமாகிறது. நான் வானகரத்தில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறேன். நான் வேலை முடிந்து வரும்வரை என் மகள் கைப்பேசியில் கார்ட்டூன் பார்க்கிறாள். அதிலும் ஒருத்தி வரிசையை விட்டு விலகி நடக்கிறாள்.

எங்கள் அடுக்ககத்தின் விதிப்படி ஜன்னல் கம்பிகள் எல்லாம் வெள்ளை. உள்பக்கமும் வெள்ளை.